ப்ரூனோ அப்பா

சென்னையில் நாற்பது வீட்டுக்கு மேல் உள்ள எந்த அபார்ட்மென்டிலும் ஒரு ப்ரூனோ அப்பா இருப்பார். பெற்றோர் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருக்கும். வாட்ச்மேன் முதல் செக்ரட்டரி வரை எல்லோருக்கும் அவர் ப்ரூனோ அப்பாதான். எங்கள் பிளாக்கில் இருப்பவர் வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் காலம் தள்ளி ரிட்டயர் ஆனவர். ப்ரூனோ, தயிர்சாதத்தில் வளர்ந்த முப்பத்தைந்து கிலோ லாப்ரடார். நாய் என்று அதன் காதுபட யாரும் சொல்லக் கூடாது.

ஆவணியில் அவர் மச்சினர் பெண்ணுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். சத்திரத்தில் ப்ரூனோவுக்கு இடமில்லை என்று மச்சினர் சொன்ன அன்றே உறவில் பாதி அறுந்துவிட்டது. மீதியைக் காப்பாற்ற ப்ரூனோ அப்பாவின் மனைவி, அதாவது மாமி, எடுத்த முயற்சிதான் நாய் போர்டிங் தேடும் படலம். கார் வைத்திருந்த குற்றத்துக்காக நானும் கூடப் போனேன்.

முதலில் ஈ.சி.ஆர். பக்கம் ஓர் இடம். ஏ.சி. அறை, நீச்சல் குளம், பிறந்தநாள் என்றால் கேக். வரவேற்பில் இருந்த பெண் பேக்கேஜ்களை ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே ப்ரூனோ அப்பா அறைக்குள் போய்த் தரையில் மண்டியிட்டுவிட்டார். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில் பழைய ஏ.டி.எம். கார்டு. சுவரும் தரையும் சேருகிற வெடிப்பில் கார்டை விட்டு மெல்ல இழுத்தார். நுனியில் மிளகளவு சாம்பல் நிறத்தில் ஒன்று, கால்களை ஆட்டிக்கொண்டு வந்தது.

"இது யாரு, பர்மனென்ட் கெஸ்டா?"

இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் குடித்து வயிறு புடைத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, இந்த மாதிரி வெடிப்புகளில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை எத்தனை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினாலும் சுவரில் இருப்பது அங்கேயேதான் இருக்கும். உண்ணிக் காய்ச்சலில் நல்ல நல்ல நாய்கள் போயிருக்கின்றன. நீச்சல் குளத்தைப் பார்த்து மயங்குகிற ஊரில் வெடிப்பைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்தான்.

அடுத்து மேடவாக்கம். அங்கே பெருமை, இருபத்துநாலு மணி நேரமும் செல்போனில் பார்க்கிற மாதிரி கேமரா.

"ராத்திரி பத்து மணிக்கு மேல இங்க யார் படுத்திருப்பாங்க?"

"கேமரா இருக்கு சார்."

"கேமரா தண்ணி வைக்குமா?"

பதில் வரவில்லை. அதற்குள் பையிலிருந்து ஜெராக்ஸ் வெளியே வந்துவிட்டது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். நாய் போர்டிங் நடத்துபவரும் அதில் அடக்கம், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த வரிக்கு மட்டும் மஞ்சள் மார்க்கர் அடித்திருந்தார். போர்டிங்காரர் உள்ளே போய், சந்தனம் குங்குமம் வைத்த ஜி.எஸ்.டி. சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். ப்ரூனோ அப்பாவின் நோட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது.

இப்படியே பல இடங்கள். கடைசியாகக் கேளம்பாக்கம் தாண்டி ஒரு தோட்டம். போர்டு கிடையாது, ஓட்டுக் கொட்டகை, கயிற்றுக் கட்டில். ப்ரூனோ அப்பா வழக்கம்போல் விறுவிறுவென்று உள்ளே நுழையப் போனார். நைட்டி மேல் துண்டு போட்ட ஓர் அம்மா கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"அங்கயே நில்லுங்க சார். அந்தத் தொட்டியில செருப்போட மிதிச்சுட்டு வாங்க."

தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும், பினாயிலுக்கெல்லாம் சாகாது. இதெல்லாம் ப்ரூனோ அப்பாவுக்குத் தெரியும். தன் செருப்பிலும் அது வரலாம் என்று மட்டும் தோன்றியதில்லை.

"ஊசி புக்கு கொண்டாந்தீங்களா?"

கொடுத்தார். அந்த அம்மா தாளைப் புரட்டிக்கொண்டே, "நைன் இன் ஒன் ஜூன்லயே முடிஞ்சிருக்கே. கென்னல் காஃப் போடவே இல்ல. கார்ப்பரேஷன் லைசென்ஸ்?"

அப்போது அம்பது ரூபாய்தான் லைசென்ஸ். எடுக்கவில்லை.

"உண்ணி மாத்திரை கடைசியா எப்ப கொடுத்தீங்க? இடிக்குப் பயப்படுமா? சாப்பிடறப்ப கிட்டப் போனா உறுமுமா? யாரையாவது கடிச்சிருக்கா?"

"ப்ரூனோவா? சேச்சே."

"கூரியர் பையனை," என்றார் மாமி, கார் ஜன்னலிலிருந்து.

சர்வீஸ் முழுக்க அடுத்தவரைக் கேட்டே பழகிய மனிதர். பதில் சொல்லிப் பழக்கமில்லை. கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கௌரவத்தை மீட்க, "ராத்திரி யார் படுத்திருப்பாங்க?" என்று தன் பிரம்மாஸ்திரத்தை விட்டுப் பார்த்தார். அந்த அம்மா கயிற்றுக் கட்டிலைக் கை காட்டிவிட்டு, "ஊசி போட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. முதல்ல ஒரே ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. சாப்பிட்டா மத்ததைப் பேசலாம்," என்று கேட்டைச் சாத்திக்கொண்டார்.

கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது.

திரும்பும்போது சோழிங்கநல்லூர் சிக்னல் வரை காரில் பேச்சில்லை. ப்ரூனோ அப்பா நோட்டில் எழுதினார்: 'சுத்தம் திருப்தி. கஸ்டமரை மதிக்கத் தெரியவில்லை.' மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே விட்டா இங்கதான் விடணும்," என்றார்.

கும்பகோணத்துக்கு மாமி மட்டும் பஸ் ஏறினார். முகூர்த்தத்தை வீடியோ காலில் ப்ரூனோவும் அப்பாவும் பார்த்தார்கள். மணப்பெண்ணைப் பார்த்து ப்ரூனோ குரைத்ததாகவும், மச்சினர் போனைப் பிடுங்கியதாகவும் கேள்வி. மறுநாளே கால்நடை மருத்துவரிடம் போய் எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் இன்றே ஊசி புக்கை எடுத்துத் தேதி பாருங்கள். கென்னல் காஃப் மருந்து போட்ட அன்றே பலன் தராது. கேளம்பாக்கத்து அம்மாவிடம் சிபாரிசு செல்லாது. தவிர, அங்கே ஓர் இடம் ஏற்கெனவே ப்ரூனோ பெயரில் புக் ஆகிவிட்டது.