செம்மண் படாத டிரெய்லர்

மேற்கு சிட்னியில் நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் டூங்காபி, பெண்டில் ஹில், ஸ்கோஃபீல்ட்ஸ் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு முகப்பில் சாம்பல் நிறத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஏதோ ஒன்று நிற்கும். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் கேம்பர் டிரெய்லர். கல்லும் மணலுமான வழிகளுக்கென்றே கட்டியது. பெரிய டயர், சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன், இழுத்தால் நீளும் அடுப்படி, வயிற்றில் நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, உச்சியில் மடித்துக் கட்டிய ரூஃப் டென்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியன் துணியால் அதன் டயரைத் துடைத்துக்கொண்டிருப்பவரைக் கேட்டால், "விக்கறதுக்குப் போட்டிருக்கேனுங்க" என்பார். போன வருடமும் அதையேதான் சொன்னார்.

இவரை டிரெய்லர் அண்ணா என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பெயரைக் குறிப்பிட்டால் மற்ற பத்துப் பேர், "அப்ப எங்களைப் பார்த்தா டிரெய்லர் வெச்சிருக்கிறவன் மாதிரி தெரியலையா?" என்று கோபித்துக்கொள்வார்கள்.

இவரை உண்டாக்கியதில் ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். உள்ளே வருவது ஒருபுறம் இருக்கட்டும், குடிமக்கள் வெளியே போகவே விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2021 நவம்பர் வரை இதே கதை. டிசம்பர்தோறும் கோயம்புத்தூர் போகும் குடும்பம் அண்ணாவுடையது. நாலு டிக்கெட்டுக் காசு, மச்சினன் வீட்டுக்கு வாங்கும் சாமான்கள், திரும்பி வரும்போது எடுக்கும் பட்டுப்புடவை எல்லாம் சேர்ந்து வங்கியில் கிடந்து அவரை உறுத்தியது. வெளிநாடு போக வழியில்லாமல் நாடே அப்போது கேரவன் வாங்கிக்கொண்டிருந்தது. புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் பழைய வண்டிக்கு யானை விலை. அண்ணா வாங்கினார்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதை இழுக்க வீட்டிலிருக்கும் கார் போதாதென்று. ஃபோர் வீல் டிரைவ் வந்தது. அது வந்ததும், ஆற்றைக் கடக்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க ஸ்நார்க்கல் மாட்டினார். டூங்காபி பக்கத்தில் கடக்க வேண்டிய ஆறு எது என்று அண்ணி கேட்டார். மணலில் சிக்கினால் டயருக்கடியில் வைக்க ஆரஞ்சு நிறப் பலகைகள், சூரியத் தகடு, லித்தியம் பேட்டரி, கடைசியாக யு.எச்.எஃப். ரேடியோ. நெடுஞ்சாலை லாரிக்காரர்கள் பேசுவது நாற்பதாம் சேனல்; கேரவன்காரர்களுக்குப் பதினெட்டு. அண்ணா இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குள் போய் உட்கார்ந்து நாற்பதைத் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். யாரோ இரண்டு பேர் எம்-4 சாலை நெரிசலைப் பற்றிக் கெட்ட வார்த்தையில் பேசுவார்கள். அண்ணா முகத்தில் அப்படியொரு பரவசம்.

டென்ட்டுக்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு. புதுக் கான்வாஸை முதல் பயணத்துக்கு முன்னால் நன்றாக நனைத்துக் காயவைக்க வேண்டும். நூல் உப்பித் தையல் ஓட்டைகள் அடைந்துகொள்ளும். அண்ணா புத்தகத்தில் சொன்னபடி கொல்லையில் விரித்து ஹோஸ் பைப்பால் அபிஷேகம் செய்தார். அதற்கப்புறம் அவர் தண்ணீர் தெளிக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த வருடங்களில் லா நீன்யா மூன்று கோடையாகத் தொடர்ந்து வந்தது. 2022-இல் மட்டும் சிட்னியில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, 1950-இன் பழைய சாதனையைத் தூக்கிச் சாப்பிட்டது. ஈரக் கான்வாஸை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே நனைந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் கொல்லையில் விரிக்க வேண்டும். விரித்தால் மழை வரும். மறுபடி காயவைக்க வேண்டும். அந்த டென்ட் காட்டில் நின்ற நேரத்தைவிடக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் நின்ற நேரம்தான் அதிகம்.

எல்லை திறந்ததும் அண்ணாவின் அம்மா ஊரிலிருந்து வந்தார். மகன் பெருமையாக டென்ட்டை விரித்து, ஏணியை இறக்கி, "ஏறுங்கம்மா, மெத்தையெல்லாம் போட்டிருக்கு" என்றார். அம்மா ஏணியை மேலும் கீழும் பார்த்தார். "ஏணி வெச்சு ஏத்தறதுக்கு நான் என்ன பரண்மேல வெக்கற அண்டாவாடா?"

அம்மாவாவது ஒரே வாக்கியத்தில் தப்பித்துவிட்டார். அண்ணி மாட்டிக்கொண்டார். ரூஃப் டென்ட்டின் சிறப்புகளைச் சொல்பவர்கள் பாம்பு வராது, ஈரம் ஏறாது, காற்று நன்றாக வரும் என்று அடுக்குவார்கள். அத்தனையும் உண்மை. இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு இறங்க வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஜிப்பைத் திறக்கும் சத்தத்தில் பக்கத்து டென்ட் வரைக்கும் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். பனியில் நனைந்த ஏணிப்படியைக் காலால் தடவித் தேட வேண்டும். கீழே வைத்த செருப்பை உதறிச் சிலந்தி இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு டார்ச் வெளிச்சத்தில், முகாமின் அந்தக் கோடியிலிருக்கும் குழிக் கழிப்பறைக்கு நடைபயணம். திரும்பி வந்து ஏறும்போது டிரெய்லர் ஆட, அண்ணா தூக்கத்திலேயே, "சஸ்பென்ஷன் எப்படி வாங்கிக்குது பாத்தியா" என்பாராம். அண்ணி அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்.

ரிவர்ஸ் எடுப்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த இனத்துக்குத் துரோகம் செய்தவனாவேன். டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போகும். ஆஸ்திரேலிய முகாம்களில் மாலை நேரத்து இலவசக் காட்சியே இதுதான். புதிதாக ஒரு வண்டி வந்து பின்வாங்கத் தொடங்கியதும் சுற்றியிருப்பவர்கள் மடக்கு நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு, பீரைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அண்ணி பின்னால் நின்று, "இன்னும்... இன்னும்... போதும்னு சொன்னேனில்ல!" என்று தமிழில் கத்த, ஒரு முகாமே மொழி தெரியாமல் முழுக்கதையும் புரிந்துகொள்ளும். கடைசியில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் எழுந்து வந்து, டிரெய்லரைக் கழற்றிக் கையாலேயே தள்ளி இடத்தில் நிறுத்திவிட்டுப் போவார்.

இத்தனை சாமான்களும் கேப் யார்க்குக்காகத்தான். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் வடகோடி முனை. கெய்ன்ஸ் போய், அங்கிருந்து இன்னும் ஆயிரம் கிலோமீட்டர். அது இல்லாவிட்டால் கிம்பர்லியில் 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் ரோடு. அதுவும் இல்லாவிட்டால் சிம்ப்சன் பாலைவனம். சிக்கல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வடக்கே டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம். ஆறு பெருகி வழிகள் அடைபட்டுவிடும். சிம்ப்சன் பூங்காவை வெயிலுக்குப் பயந்து டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவைப்பார்கள். பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பதும் டிசம்பரில்தான். ஜூலையில் பள்ளி விடுமுறை இரண்டே வாரம்; போய்ச் சேர்ந்து கைகாட்டிவிட்டுத் திரும்பலாம்.

இதிலிருந்து தப்ப ஒரே வழி இருந்தது. ஒரே முதலாளியிடம் பத்து வருடம் வேலை செய்தால் இரண்டு மாதச் சம்பளத்தோடு நீண்ட சேவை விடுப்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குடியேறிய அரசு ஊழியர்கள் கப்பலேறித் தாய்நாடான இங்கிலாந்துக்குப் போய்வர அவகாசம் வேண்டுமென்று தோன்றிய ஏற்பாடு அது. அண்ணா பத்து வருடம் காத்திருந்து வாங்கிய அந்த விடுப்பையும், அது எதற்காக ஏற்பட்டதோ அதற்கே செலவு செய்தார். மச்சினன் புதுமனைப் புகுவிழா, கொழுந்தியாள் மகள் சீர், பழனி. இரண்டு மாதம் போன இடம் தெரியவில்லை.

ஆகவே விற்க விளம்பரம் போட்டார். இந்த இனத்தார் எழுதும் விளம்பரங்களைத் தொகுத்தால் நல்ல பயண இலக்கியம் கிடைக்கும். "கேப் யார்க்குக்குத் தயார். கிப் ரிவருக்குத் தயார். மாட்டி இழுக்க வேண்டியதுதான் பாக்கி." போனேன் என்று ஓரிடத்திலும் இருக்காது, எல்லாமே போகலாம்தான். விலை மட்டும் இறந்தகாலத்தில் இருக்கும். வாங்கிய விலை, பேட்டரி, தகடு, பலகை எல்லாவற்றையும் கூட்டி, பயன்படுத்திய தேய்மானத்தைக் கழிக்காமல் ஒரு தொகை. தேய்மானம் கழிக்கத் தேய்ந்திருக்க வேண்டுமே என்பது அவர் வாதம். அதற்குள் ஊரெல்லாம் எல்லை திறந்து விமானமேறிவிட்டது. தெருவுக்கு இரண்டு டிரெய்லர் விற்பனைக்கு நின்றன.

முதலில் வந்தவர் டப்போ பக்கத்து ஆள். எழுபது வயது இருக்கும். வணக்கம் சொன்ன கையோடு மல்லாக்கப் படுத்து வண்டிக்கடியில் போய்விட்டார். சஸ்பென்ஷன் சேரும் இடத்தில் வெல்டிங் விரிந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்து பேரிங்கைக் கேட்டார். கடைசியாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவி, எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று அண்ணாவுக்குத் தெரியும். செம்மண். உள்நாட்டுச் செம்மண் ஒருமுறை ஏறிவிட்டால் எத்தனை கழுவினாலும் இடுக்கிலிருந்து போகாது. விரல் சுத்தமாக இருந்தது.

"இது எங்கெல்லாம் போயிருக்கு, மேட்?"

பழைய டிரெய்லர் விற்கும் மனிதனுக்கு இதைவிடக் கொடுமையான கேள்வி கிடையாது. தார் ரோட்டை விட்டு இறங்கியதே இல்லை என்றால் நல்ல விலை கிடைக்கும், மானம் போகும். கல்லிலும் முள்ளிலும் போட்டு அடித்தேன் என்றால் மானம் நிற்கும். விலையில் மூவாயிரம் டாலர் போகும். அண்ணா எச்சில் விழுங்கினார். இரண்டுக்கும் நடுவில் இந்த இனம் கண்டுபிடித்து வைத்திருக்கும் சொல்லை எடுத்துவிட்டார்.

"லேசான ஆஃப் ரோடு."

லேசான ஆஃப் ரோடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கியாமா கேரவன் பார்க்கின் புல்தரை. ஜெர்விஸ் பே போகும் வழியில் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு இழுத்துப்போய், திருப்ப இடமில்லாமல் உற்சவக் கூட்டத்தை ஒதுக்கியது. தன் வீட்டு வாசலில் கவுன்சிலுக்குச் சொந்தமான புல்வெளியில் ஏற்றி நிறுத்தி எச்சரிக்கைக் கடிதம் வாங்கியது.

பெரியவர் விரலை மறுபடி பார்த்துக்கொண்டார். "ரொம்ப சுத்தமா இருக்கே. 2022-இல ஹாக்ஸ்பரி வெள்ளம் வந்ததே, அப்ப இது எங்க நின்னுது?"

அண்ணா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பொத்திப் பொத்தி வைத்துக் காப்பாற்றிய வண்டியை வெள்ளத்தில் முழுகி எழுந்ததென்று ஒருவர் சந்தேகப்பட்டால் எந்த மனிதனுக்குத்தான் சோறு இறங்கும்? அடமானமோ கடனோ இல்லை என்று காட்டும் அரசுப் பதிவேட்டுச் சான்று இரண்டே டாலர். கேட்பவருக்கெல்லாம் எடுத்துக் காட்டத் தயாராக வைத்திருந்தார். வெள்ளத்தில் முழுகவில்லை என்பதற்கு எங்கே போய்ச் சான்று வாங்குவது?

பிறகு வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "இன்னும் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறைந்தவர்கள் ஏராளம். தமிழ்ச் சங்கத்து நண்பர் ஒருவர், "ஈஸ்டருக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு, புடிச்சிருந்தா மாசாமாசம் குடுத்துடறேன்" என்றார். பின்னொரு நாள் அண்ணா பேக்கிங் ட்ரேயில் எங்கிருந்தோ கொஞ்சம் செம்மண் கொண்டுவந்தார் என்று ஒரு வதந்தி உண்டு. நான் நம்பவில்லை. அண்ணி நம்புகிறார்.

கடைசியில், அண்ணா எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஆள் வந்தே விட்டார். ஸ்கோஃபீல்ட்ஸில் புது வீடு, ஐ.டி. வேலை, மதுரைக்காரப் பையன். வண்டிக்கடியில் குனியவில்லை. வெல்டிங்கைச் சுரண்டவில்லை. கதவருகில் நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "கேப் யார்க் போகுமாண்ணே?" என்றார்.

அண்ணாவுக்குத் தொண்டை அடைத்தது. "எங்க வேணா போகும், தம்பி."

பிறகு மூன்று மணி நேரம் வகுப்பு நடந்தது. கான்வாஸை நனைப்பது, பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது, மணலில் டயர்க் காற்றை எவ்வளவு குறைப்பது, நாற்பதாம் சேனல், பதினெட்டாம் சேனல், இழுவைக் கொக்கி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முழு வட்டம் சுழலும் அழகு. கேட்காமலேயே ஆயிரம் டாலர் குறைத்தார். பலகைகளைச் சும்மாவே கொடுத்தார். பையன் கேப் யார்க்கில் முனைப்பாறையின் மேல் நின்று படமெடுத்துக்கொள்வதைப் பற்றிப் பேச, எந்தக் கோணத்தில் நின்றால் கடல் நன்றாக விழும் என்று அண்ணா விளக்கினார். நேரில் பார்த்தவர்கூட அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

அதுவரை காரிலேயே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த பையனின் மனைவி இறங்கி வந்தார். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றினார். அடுப்படியை இழுத்துப் பார்த்தார். ஏணியை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணா, இதுல பாத்ரூம் எங்க இருக்கு?"

சமையலறை ஜன்னலில் அண்ணியின் முகம் தெரிந்தது. ஆண்கள் இருவரும் ஒரே சமயத்தில் குனிந்து சஸ்பென்ஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.