கைவகை இயல்

பாயிரம்

சாலையில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஓடிவரும் கால்களை ஊரார் மெச்சுவர். அக்கால்களுக்கு மேலே கைகளில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார் இலர். அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல். ஆய்வுக்களம் புதுச்சேரியில் விழுப்புரம் சாலைமேல் உள்ள மூலக்குளம். கேட்போர், முதலுதவித் தன்னார்வலர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தோரும் கொடுக்கலாமா என்று யோசிப்போரும். ஜிப்மர் சில கிலோமீட்டரில் கோரிமேட்டில்தானே இருக்கிறது, இந்நூல் எதற்கு எனின், நின்ற இதயம் கிலோமீட்டர் அறியாது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைத் தின்றுவிடும் என்க.

கைகள் ஏழு வகைப்படும்.

1. இரும்புக்கை

வலிப்பு கண்டவரின் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது. வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, கடைக்காரரின் எடைக்கல் என மூன்று உட்பிரிவு உண்டு. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும். புகழ் சாவிக்குப் போகும். இவ்வினம் அழியாதிருக்கக் காரணம் இதுவே. பயிற்சி சொல்வதோ வேறு: தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வை, வாயில் எதையும் திணிக்காதே, அமுக்கிப் பிடிக்காதே, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவை. கடிகாரத்தைப் பார். 5 நிமிடம் தாண்டினால் 108.

2. சோடாக்கை

நினைவற்றவர் வாயில் சோடா புகட்டுவது. கோலி சோடா காலத்திலிருந்து வழங்கும் தொல்குடி. விழுங்கத் தெரியாத வாயில் ஊற்றியது மூச்சுக்குழலுக்குள் போகும். பயிற்சியில் இக்கையிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது பாட்டில்.

3. பூச்சுக்கை

தீப்புண்ணில் பேஸ்ட், பேனா மை, தோசை மாவு என்று வீட்டில் உள்ளதெல்லாம் அப்புவது. அப்பியதை மருத்துவமனையில் சுரண்டி எடுக்கவேண்டும். வேண்டியது 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் மட்டுமே. இவ்வளவு எளிய மருந்தை யாரும் நம்புவதில்லை என்பது இவ்வகையின் சிக்கல்.

4. கயிற்றுக்கை

பாம்பு கடித்த காலில் இறுகக் கட்டுவது. கட்டினால் விஷம் நிற்கும் முன் ரத்தம் நின்று சதை கெடும். அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே முறை. பிளேடு கொண்டு கீறுவோர் இதன் கிளையினத்தார்.

5. படக்கை

செல்போனை உயர்த்திப் பிடிப்பது. நெட்டுவாக்கு, கிடைவாக்கு என இருவகை. அதே போனில் 108 என்னும் மூன்று இலக்கமும் உண்டென்பது இக்கைக்குத் தோன்றாது.

6. பின்கட்டுக்கை

முதுகுக்குப் பின்னே கோத்துக்கொண்டு நிற்பது. "போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்ப்பா" என்பது இதன் முழக்கம். சாலை விபத்தில் உதவியவருக்கான பாதுகாப்பு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலு தந்தது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 134ஏ பிரிவாக அதை எழுதியும் வைத்தது. உதவியவர் தம் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. செய்தி இன்னும் முதுகுப்பக்கம் போய்ச் சேரவில்லை.

7. வெறுங்கை

பயிற்சியால் மட்டுமே பிறப்பது. மூச்சும் அசைவும் அற்றவரின் நெஞ்சு நடுவில் வைத்து, 5 செ.மீ.க்குக் குறையாமல், 6ஐத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்குவது. பொம்மைமேல் பழகும் முதல் நாள் எல்லாரும் தடவிக்கொடுப்பர். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய ஆப்த மித்ரா திட்டம் இதுபோன்ற பாடங்களோடு வெள்ள மீட்பும் சேர்த்து 12 நாள் பயிற்சி வைத்தது.

அற்றேல், முதல் நான்கு கைகளும் தீயனவோ எனின், அல்ல, இரக்கத்தில் பிறந்தவை. எதையாவது கொடுத்தால்தான் உதவி என்ற எண்ணமே அவற்றின் நோய். ஆகவே பயிற்சியில் கற்பதைவிடக் கைவிடுவதே அதிகம் என்பது இந்நூலின் துணிபு.

புறனடை

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் பெய்தது. மீட்க ராணுவமே வரவேண்டியிருந்தது. வரும்வரை இருப்பது பக்கத்து வீடுதான். இவ்வூரை ஆண்ட பிரான்சில் தீயணைப்பு வீரர்களில் ஐந்தில் ஏறத்தாழ நால்வர் தன்னார்வலர் என்பதையும் இங்கே ஒப்புநோக்குக.

இறுதியாக ஒரு விதி. நெஞ்சை அமுக்குபவர் இரண்டு நிமிடத்தில் களைப்பார், அடுத்தவர் மாற்றியாகவேண்டும். எனவே ஏழாம் வகை ஒருமையில் பயன்படாது, தெருவுக்கு இருவரேனும் வேண்டும். அவர்களை முதல் ஆறு வகையிலிருந்தே எடுத்தாகவேண்டும். மூலக்குளத்தில் வேறு கைகள் இல்லை.