கம்பியில்லா வரமும் கமிஷன் பூசாரியும்

மின்சாரம் போய்ச் சேரக் கம்பி தேவையில்லை என்ற வரத்தை மைக்கேல் ஃபாரடே 1831இலேயே கொடுத்துவிட்டார். ஒரு சுருளில் மின்னோட்டம் மாறினால், தொடாமலே பக்கத்துச் சுருளிலும் மின்சாரம் பிறக்கும். சாமி வரம் கொடுத்தாயிற்று, பூசாரிதான் கொடுக்கவில்லை. யார் அந்தப் பூசாரி? இரண்டு சுருளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் நாலு விரற்கடை காற்று. இடைவெளி கூடினால் காந்தப்புலம் சிதறும். ஈடுகட்ட ஆம்பியரை ஏற்றினால் செம்பு கொதிக்கும்.

ஹூட்டின், லெப்லாங் என்று இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். இருவர் பெயரும் மாரிஸ். ஓடுகிற ரயிலுக்குத் தொடாமலே மின்சாரம் ஊட்ட 1894இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். காப்புரிமை வந்தது, ரயில் வரவில்லை.

அடுத்தவர் சோவியத் பொறியாளர் கியோர்கி பாபாத். 1943. நாடே ஜெர்மன் படையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் சாலைக்கு அடியில் செப்புக் குழாய் பதித்து, நூற்றுக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சி, மேலே மின்வண்டி ஓட்டினார். வண்டி நிஜமாகவே ஓடியது. கணக்குப் பார்த்தால், அனுப்பியதில் வண்டிக்குக் கிடைத்தது 4 சதவீதம். பூசாரியின் தட்சணை 96!

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1980களில் பேருந்தோடு களமிறங்கினார்கள். இடைவெளி சுமார் 3 அங்குலம், பாதிக்குச் சற்று மேலே தேறியது. ஆனால் அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ். அது காதுக்கு நன்றாகவே கேட்கும். பேருந்து கிளம்பியதும் சாலை ஸ்ருதி பிடித்தது.

‘அதிர்வெண்ணை இன்னும் உயரத்துக்குத் தூக்கு, மின்தேக்கி போட்டு இரண்டு சுருளையும் ஒத்திசைய வை’ என்ற வழியில் போனார்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்து ஜான் பாய்ஸும் கிரான்ட் கோவிக்கும். பூசாரி முதல்முறையாகப் பணிந்தார். பலன் உடனே காருக்கு வந்ததா? இல்லை. முதலில் அனுபவித்தவை ஜப்பானியத் தொழிற்சாலைகளின் சரக்கு வண்டிகள்.

இதற்கிடையில் ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் ஈவி1 காரை இறக்கியது. அதன் சார்ஜர் ஒரு பிளாஸ்டிக் மட்டை. காரின் மூக்கில் இருக்கும் பிளவில் செருக வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொடாது, மழையிலும் ஷாக் அடிக்காது. எல்லாம் சரி; அந்த மட்டையைச் சுவரோடு இணைத்தது எது? தடியான ஒரு கம்பி! 2001இல் கலிஃபோர்னியா அரசு ‘சாதாரண பிளக்கே போதும்’ என்றது. மட்டை மூலைக்குப் போனது. வாடகைக்குக் கொடுத்திருந்த கார்களையும் கம்பெனியே திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டது.

2007இல் அமெரிக்காவின் எம்ஐடியில் மாரின் சோல்யாசிச் குழு 2 மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரியவைத்தது. ராத்திரியில் சார்ஜ் கேட்டுக் கத்திய செல்போன் கொடுத்த எரிச்சல்தான் தூண்டுகோல். 2013இல் தென்கொரியாவின் குமி நகரில், ஓடியபடியே சார்ஜ் ஏறும் பேருந்துகள் வந்தன. 2020இல் கார்களுக்கான அமெரிக்கத் தரநிலையும் வந்தது. இப்போது 90 சதவீதத்துக்கு மேல் பேட்டரிக்குப் போகிறது, பூசாரிக்குச் சில்லறைதான்.

அப்பாடா என்று உட்கார முடிகிறதா? சுருளுக்கு நேராக வண்டியை நிறுத்த வேண்டும். சில அங்குலம் பிசகினாலும் நஷ்டம். இடையில் நாணயம் கிடந்தால் சூடேறும் என்று அதற்கொரு சென்சார். கார் நிழலில் பூனை படுத்தால் மின்சாரத்தை நிறுத்த இன்னொரு சென்சார். குனிந்து பிளக் மாட்டச் சோம்பல்பட்டு நூறு வருஷத்துக்கு மேல் உழைத்தார்கள்; இப்போது பூனையை விரட்டக் குனிகிறார்கள்.