இடும்பனும் ரோல் கேமராவும்: மலையேற்றத்தில் எடை குறித்த ஒரு முன்னாய்வு

பழனி மலைப் பக்கத்தில் பாரம் சுமந்து முதன்முதலாக அவதிப்பட்டவன் இடும்பன். அகத்தியர் சொல்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தெற்கே கொண்டுவந்தவன், திருவாவினன்குடிக்கு அருகே இளைப்பாறுவதற்காக இறக்கி வைத்தான். மறுபடி தூக்கப் போனால் குன்று அசையவில்லை. மேலே ஒரு சிறுவன் கோவணத்தோடு நின்றுகொண்டிருந்தான். மீதிக் கதையை எல்லாரும் அறிவார்கள். இந்தத் தலபுராணத்தைப் புகைப்படக் கருவியியல் நோக்கில் யாரும் அணுகாமல் விட்டது தமிழ் ஆய்வுலகுக்கு இழுக்கு. ஒரு தோளில் இரண்டு கேமரா, மறு தோளில் லென்ஸ் பை, முதுகில் டிரைபாட் என்று வட்டக்கானல் சரிவில் மூச்சிரைக்க ஏறும் ஒருவரைப் பின்னாலிருந்து பார்த்தால் போதும். காவடியின் வடிவம் பற்றி வேறு சான்று வேண்டியதில்லை. ஒருமுறை இறக்கி வைத்த பிறகு தூக்க மனம் வராததுகூட அப்படியே பொருந்துகிறது.

இடும்பனுக்கு நேர் எதிரான ஒரு பொருளே இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அது உள்ளங்கை அளவில், தொழில்முறைத் தரத்தில், ரோல் போட்டு எடுக்கும் கேமரா. செல்போனில் சல்லிக்காசு செலவில்லாமல் ஆயிரம் படம் எடுக்கலாம் என்றிருக்கும் இந்தக் காலத்தில், 36 படத்துக்கு ஒரு ரோல் வாங்கி, அதைக் கழுவக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருக்கும் மனிதர்கள் கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பில் இன்றும் தென்படுகிறார்கள். அவர்களை அந்தக் கருவி எதனால் இப்படி மயக்குகிறது என்பதே ஆய்வு வினா.

முதலில் இலக்கணம். சின்னதாக இருந்தால் மட்டும் போதாது. 1980களில் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்த ஹாட் ஷாட்டும் சின்னதுதான்; ஆனால் கல்யாண வீட்டார் அதை நம்பித் தாலி கட்டும் நேரத்தை ஒப்படைக்க மாட்டார்கள். ஷட்டர் வேகம், லென்ஸின் திறப்பு, ஃபோகஸ் மூன்றும் எடுப்பவர் கைக்குக் கட்டுப்பட வேண்டும். அத்தனையும் இருந்தும் கழுத்து வலிக்கக் கூடாது. இந்த இரண்டாம் நிபந்தனை சமவெளியில் எழுதப்பட்ட நூல்களில் அடிக்குறிப்பாகக் கிடக்கும். மலையில் அதுவே முதல் சூத்திரம்.

அடுத்தது இத்துறையின் அடிப்படை விதி. ஒரு படம் விழ வேண்டுமானால் எடுப்பவரோ எடுக்கப்படுவதோ, யாராவது ஒருவர் நடந்தாக வேண்டும்.

கொடைக்கானலிலேயே இதற்கு ஆகப் பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1899இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகம், 1904 முதல் ஒரே ஓர் ஆளைத்தான் படம் எடுத்து வருகிறது. அந்த ஆள் தினமும் காலையில் தானாகவே கிழக்கே வந்து நிற்கிறார். கருவி ஓர் அங்குலமும் நகர வேண்டியதில்லை. ஆகவே அது எவ்வளவு கனமாக இருந்தாலும் யாருக்கும் தோள் வலிப்பதில்லை. ஜான் எவர்ஷெட் 1909இல் இங்கே சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்துப் பார்த்து, அங்கே வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான். நூறு ஆண்டுக்கு மேலாகக் கண்ணாடித் தட்டுகளிலும் பிலிமிலும் சேர்ந்த சூரியனின் ஆல்பம் இப்போது கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறது. வேறெந்த மாப்பிள்ளைக்கும் இவ்வளவு பெரிய ஆல்பம் கிடையாது.

சூரியன் தவிர மற்றவை தேடி வருவதில்லை. பூம்பாறை இறங்கி வராது, பேரிஜம் ஏரி ஸ்டுடியோவுக்கு வராது. அப்போது கருவி நடக்க வேண்டும். 1860களில் இமயமலையைப் படமெடுத்த சாமுவேல் போர்ன், கண்ணாடித் தட்டுகளையும் ரசாயனப் புட்டிகளையும் இருட்டுக் கூடாரத்தையும் பல பத்துச் சுமைகாரர்கள் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். தட்டில் பூசிய ரசாயனம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியும் முடித்தாக வேண்டும் என்பதால் ஸ்டுடியோவே மலையேற வேண்டியிருந்தது. நம் மலையிலும் அந்தக் காலத்து வழக்கம் அதுவே. மோட்டார் சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கத்திலிருந்து ஏறும் பாதைக்குக் 'கூலி காட்' என்றே பெயர். வெள்ளைக்காரத் துரைகள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நாற்காலி கூலிகளின் தோளில் ஏறி வந்தது. சுமப்பவர் வேறு ஆளாக இருக்கும்வரை எடையைப் பற்றி யாரும் ஆய்வு செய்வதில்லை.

தானே சுமந்த ஒருவர்தான் விடையைக் கண்டுபிடித்தார். ஆஸ்கர் பர்னாக், ஜெர்மன் பொறியாளர். துரிங்கியா மலைக்காடுகளில் நடப்பதில் பிரியம், உடம்பிலோ ஆஸ்துமா. பெரிய தட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறும்போதெல்லாம் அவருக்கு மூச்சு முட்டியது. வெட்ஸ்லாரில் இருந்த லைட்ஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, சினிமாவுக்குப் பயன்பட்ட ஓரத்துளையுள்ள பிலிமை எடுத்துப் படுக்கைவாட்டில் ஓட்டினார். இரண்டு சினிமாக் கட்டங்களைச் சேர்த்து ஒரு படமாக்கினால் 24க்கு 36 மில்லிமீட்டர். 1914 வாக்கில் மாதிரிக் கருவி தயாராகிவிட்டது. நடுவில் உலகப் போர். 1925இல்தான் லைக்கா கடைக்கு வந்தது. தொழில்முறைச் சிறுகேமராவின் வம்சம் முழுவதும் ஓர் ஆஸ்துமாக்காரரின் மலையேற்றத்தில் பிறந்தது என்பது இவ்வாய்வுக்கு எவ்வளவு சாதகமான உண்மை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அந்த லைக்காவைத்தான் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன், அதன் வெள்ளிப் பளபளப்பு தெரியாதபடி கறுப்பு நாடா ஒட்டி, தமிழ்நாட்டுக்கும் கொண்டுவந்தார். 1950 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில்தான் இருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்டாண்டு கேமராவோடு போய் நின்றால் என்ன ஆகும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

பர்னாக்குக்குப் பின் ஒரு குழப்பம் நேர்ந்தது. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராக்கள் வந்தன, வந்ததும் பருத்தன. ஜப்பானில் ஒலிம்பஸ் நிறுவனத்து யோஷிஹிசா மைதானி, இவை இவ்வளவு பெரிதாகவும் கனமாகவும் இருக்க வேண்டிய அவசியமில்லை என்று பிடிவாதம் பிடித்தார். 1972இல் எம்-1 என்று வந்த கேமரா, லைக்காக்காரர்கள் எம் எழுத்துக்கு உரிமை கொண்டாடியதால் மறு ஆண்டே ஓஎம்-1 ஆனது. எடை ஏறக்குறைய அரைக் கிலோ. இட்லி அரிசி அரைக் கிலோவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த எடை பிடிபடும்.

ஓஎம்-1க்கு ஒரு குறை உண்டு. அதன் ஒளிமானி பாதரச பேட்டரியில் ஓடியது. அந்த பேட்டரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. மாற்று பேட்டரி போட்டால் அளவு தப்பும். இதைக் கொடைக்கானலில் நின்றுகொண்டு புலம்புவது அழகல்ல. இதே ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே கிடந்தது தெரியவந்து 2001இல் மூடப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. பாதரசம் போனதற்காக ஒரு கேமராக்காரர் வருத்தப்படுவதை இந்த ஊர் ரசிக்காது.

இனி வகைப்பாடு. தொல்காப்பியர் வழியில் கேமராக்களையும் ஐந்திணையாகப் பகுக்கலாம். பெரிய ஸ்டுடியோக் கருவி மருதம். அதற்குரியது ஊடல், ஏனெனில் படம் பார்த்த பெண் வீட்டார் கோபிப்பார்கள். கடற்கரையில் துருப்பிடித்துப்போனது நெய்தல், இரங்கல். ரோல் கிடைக்காமல் பீரோவில் கிடப்பது பாலை, பிரிதல். கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது முல்லைக்குரிய இருத்தல். சிறுகேமரா ஐயமின்றிக் குறிஞ்சி. மலையும் மலை சார்ந்த இடமும் முதற்பொருள், கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது. 'அஃதேல், குறிஞ்சியின் உரிப்பொருளாகிய புணர்தல் இதில் யாண்டுளது?' எனின், கூறுதும். லைக்கா வகைக் கேமராவின் கண்ணாடித் துளையில் பார்த்தால் நடுவே ஒரே உருவம் இரண்டாகப் பிரிந்து தெரியும். லென்ஸ் வளையத்தை மெல்லத் திருகத் திருக இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். பொருந்திய கணமே ஃபோகஸ். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் இதை மறுத்திருக்க மாட்டார்.

கோட்பாடு இருக்கட்டும், களத்துக்குப் போவோம். கோக்கர்ஸ் வாக் 1872இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த நடைபாதை. சுமார் ஒரு கிலோமீட்டர், மலையின் விளிம்பை ஒட்டியே போகும். தெளிவான நாளில் கீழே சமவெளி விரிந்து கிடக்கும். சூரியன் முதுகுப் பக்கம் தாழ்ந்திருக்க, முன்னே பள்ளத்தில் மூடுபனி நின்றால், பார்ப்பவரின் நிழலே பனிமேல் பிரம்மாண்டமாக விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். ஜெர்மனியின் பிராக்கன் மலைப் பெயரால் இதை பிராக்கன் நிழல் என்பார்கள். பனி நகர்ந்தால் நிழலும் போய்விடும்.

ஆய்வாளர் நின்றிருந்த மாலையில், பக்கத்தில் இன்னொருவர் டிரைபாட்டின் மூன்று காலையும் விரித்து, ஒன்றின் திருகு இறுகாமல் அதனுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் ஸ்வெட்டருக்குள்ளிருந்து கேமராவை எடுத்தார். விரல் விறைத்திருந்தது. லீவரைக் கட்டைவிரலால் தள்ளியதும் 'கர்ரக்' என்று ஒரு சத்தம். உள்ளே பிலிம் ஒரு கட்டம் நகர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட உறுதியான ரசீது இல்லை. பனியைப் பார்த்தால் ஒளிமானி ஏமாறும்: வெண்மையைச் சாம்பல் நிறமாக்கச் சொல்லும். அதன் பேச்சைக் கேட்காமல் ஒரு படி கூடுதலாக வெளிச்சம் விட வேண்டும். விட்டார். இரண்டு படம் எடுத்தார். மூன்றாவதற்குள் பனி மேலேறி, நிழல், வளையம், டிரைபாட்காரர் எல்லாரையும் மூடிவிட்டது. வெள்ளைக்குள்ளிருந்து திருகாணி விழும் ஓசை மட்டும் கேட்டது.

மறுநாள் ஏரிக்கரையில் குதிரைக்காரர் ஒருவர் கேமராவையே பார்த்தார்.

"ரோல் கேமராவா சார்? எங்க கல்யாணத்துக்கு இதுலதான் எடுத்தாங்க. குதிரையை ஒண்ணு எடுங்க."

எடுத்தாயிற்று.

"காட்டுங்க, எப்படி வந்திருக்குன்னு பாப்போம்."

"இதுல தெரியாதுண்ணே. கழுவுனாத்தான் தெரியும்."

"அப்ப எனக்கு எப்படிக் காட்டுவீங்க?"

இக்கேள்விக்கு ஆய்வேட்டில் இன்னும் விடை எழுதப்படவில்லை. அடுத்த பயணத்தில் பிரிண்ட் கொண்டுவந்து தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ரோல் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒருகாலத்தில் அது வெளிநாட்டிலிருந்து மட்டும் வரவில்லை. 1960இல் ஊட்டியில் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. குளிரும் தூசியில்லாக் காற்றும் பிலிமுக்கு உகந்தவை. ஆக, தமிழ்நாட்டின் ஒரு மலை பிலிம் செய்தது, மற்றொரு மலை அதைத் தீர்த்தது. ஊட்டி ஆலை நொடித்துப்போய், பிலிம் செய்வது நின்று பல காலம் ஆகிவிட்டது.

மாற்றுக் கருத்துக்கும் இடம் தருவது ஆய்வு நேர்மை. மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இந்தியக் காட்டுயிர்ப் படக்கலையின் முன்னோடி. அவர் வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தானே பொருத்தி ஒரு பூதாகாரக் கேமரா செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வைத்தார். பெயரிலேயே கனம் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய், யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். சிறுமையே பெருமை என்ற இவ்வாய்வின் வாதம் கிருஷ்ணன் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்: அவரும் நடந்தார், தன் கருவியைப் பற்றித் தானே கேலியும் செய்தார்.

சினிமாவும் ஒரு சாட்சி சொல்கிறது. 1991இல் 'குணா'வுக்காக ஒளிப்பதிவாளர் வேணுவும் குழுவும் பிலிம் கேமராவோடு டெவில்ஸ் கிச்சன் குகைக்கே இறங்கினார்கள். அன்று முதல் அதன் பெயரே குணா குகை ஆகிவிட்டது. 2024இல் வந்த 'மஞ்ஞுமல் பாய்ஸ்' படத்துக்குக் குகையை செட் போட்டார்கள். பிலிம் காலத்தில் கேமரா குகைக்குப் போனது, டிஜிட்டல் காலத்தில் குகை கேமராவிடம் வந்தது. ஆபத்தான பள்ளம் என்பதால் செட் போட்டதே சரி. ஆனாலும் நமது அடிப்படை விதிப்படி, நடந்தது யார் என்பது மாறிவிட்டது.

ஆய்வு முடிவு இது. சிறுகேமராவின் கவர்ச்சி அது எடுக்கும் படத்தில் இல்லை, ஏறும் மேட்டில் இருக்கிறது. காரிலேயே பைன் காடுவரை வந்து, இறங்கி, விலையுயர்ந்த லைக்காவைக் கழுத்தில் மாட்டிச் செல்போனில் செல்ஃபி எடுத்துக்கொள்பவர் அணிந்திருப்பது நகை. அதைப் பற்றிய ஆய்வு நகைக்கடைத் துறையைச் சேர்ந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இந்த மலையில் 2018இல் பூத்தது. அடுத்த முறை 2030. அதற்காக இப்போதே ரோல் வாங்கி ஃப்ரிஜ்ஜில் வைக்க நினைப்பவர்கள், பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கவும்.