ஆறு பேர் கண்முன்னே ஒளித்து வைத்த பணம்

குடும்பச் செலவைக் குறைக்க வழி சொல்லும் குறிப்புகளைப் பத்திரிகைகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இதை எழுதுகிறவர்கள் எல்லாம் மூன்று படுக்கையறை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்களோ? ‘அறையை விட்டு வெளியே போகும்போது விளக்கை அணையுங்கள்’ என்கிறார்கள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்களுக்கு இருந்ததே ஒரு அறை. அதை விட்டு வெளியே வந்தால் சந்து. ‘மாடியில் காய்கறித் தோட்டம் போடுங்கள்’ என்கிறார்கள். எங்கள் மாடியில் வேறொரு குடும்பம் குடியிருந்தது. ‘அரிசியை மூட்டையாக வாங்கினால் லாபம்’ என்கிறார்கள். வாஸ்தவம்தான். 25 கிலோ மூட்டை வந்து இறங்கினால் அன்று ராத்திரி யாராவது ஒருவர் வாசலில் படுக்க வேண்டும். அது அநேகமாக நானாகத்தான் இருக்கும்.

பேரில் மாட்டுங்கா இருந்தாலும் கேம்ப் கிடப்பது தாராவியோடு ஒட்டி. கல்யாணப் பத்திரிகையில் மாட்டுங்கா என்று போடுவோம். டாக்சிக்காரரிடம் தாராவி என்போம். எங்கள் சந்தில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மும்பைப் பேச்சில் கோலி; அதிலேயே ஒரு மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மோரி; தலைக்கு மேலே சாமான் போட்டு வைக்க மாலா. அதற்குள் அப்பா, அம்மா, ஆச்சி, நாங்கள் பிள்ளைகள் மூன்று பேர். இப்படிப்பட்ட வீட்டில் சிக்கனம் தானாக வந்துவிடும். சோபா வாங்க ஆசைப்பட்டால் போதாது, அது வந்தபிறகு நாம் எங்கே நிற்பது என்று யோசிக்க வேண்டும். அதனால் மிச்சம் பிடிப்பது எங்களுக்குப் பெரிய வித்தையாக இருந்ததில்லை. மிச்சம் பிடித்ததை வீட்டில் இருப்பவர்களிடமிருந்து ஒளிப்பதுதான் வித்தை.

அதற்கு முன் அப்பாவின் சிக்கனத்தைச் சொல்லிவிடுகிறேன். அவருடையது ஒளிவுமறைவில்லாத சிக்கனம், ஊருக்கே கேட்கும். மும்பைத் தீவுப் பகுதியில் பஸ் விடுகிறதும் கரண்ட் கொடுக்கிறதும் ஒரே பெஸ்ட் நிறுவனம்தான். ஆகவே அப்பா ஒரே எதிரியோடு இரண்டு முனையில் போர் நடத்தினார்.

முதல் முனை, மீட்டர். வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் வரை ஒரு விலை, 101 முதல் 300 வரை இன்னொரு விலை. நூறைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் கூடுதல் விலை போட்டுவிடுவார்கள் என்பது அப்பாவின் கட்சி. நூறுக்கு மேலே ஓடிய யூனிட்டுக்கு மட்டும்தான் அந்த விலை என்று நான் பில்லை வைத்துக்கொண்டு விளக்குவேன். “அவன் சொல்லுவான்வே” என்பார். மாசக் கடைசி ஆனால் சந்து முனையில் மீட்டர் பெட்டிக்கு முன்னால் டார்ச்சோடு நிற்பார். தொண்ணூற்றைந்து என்று வந்துவிட்டால் வீட்டில் ராணுவ ஆட்சி. டிவி கிடையாது. ஃபேன், ஆச்சிக்கு மட்டும்.

இரண்டாவது முனை, பஸ். சயான் ஸ்டேஷனுக்கு அவர் எப்போதும் நடைதான். ஒவ்வொரு நடைக்கும் ஒரு டிக்கெட் மிச்சம் என்று மனசுக்குள் வரவு வைத்துக்கொள்வார். 2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணத்தை 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைத்தார்கள். மும்பையே மகிழ்ந்தது, அப்பா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நேற்றுவரை நடைக்கு எட்டு ரூபாய் மிச்சம் பிடித்தவருக்கு இன்று ஐந்துதானே கிடைக்கிறது! 2025 மே மாதம் அதையே பத்து ரூபாய் ஆக்கினார்கள். ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தபோது அவர் முழங்கால் வலியையும் மறந்து உற்சாகமாக நடந்துபோனார்.

அம்மாவின் சிக்கனம் வேறு ஜாதி, சத்தமே வராது.

எங்கள் சந்தில் சித்தி முறை ஒருத்தர் ஏலச்சீட்டு நடத்தினார். இருபது பேர், ஆளுக்கு 1,000 ரூபாய். முதல் மாசம் 20,000 நடத்துகிறவருக்கு. அடுத்த மாசத்திலிருந்து ஏலம். அவசரம் உள்ளவள் நாலாயிரம் தள்ளி 16,000க்கு எடுப்பாள். தள்ளிய நாலாயிரத்தை இருபதாகப் பிரித்தால் ஆளுக்கு 200 டிவிடெண்ட். அந்த மாசம் 800 கட்டினால் போதும். 1982ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டம் நடத்துகிறவருக்கு ஐந்து சதவீதக் கமிஷன் அனுமதித்தது, 2019இல் அதை ஏழாக்கினார்கள். சித்தி அந்தச் சட்டத்தைப் பார்த்ததுமில்லை, கமிஷன் எடுத்ததுமில்லை. அவருக்குக் கிடைத்த கமிஷன் வேறு. எவள் எவ்வளவு தள்ளுகிறாள் என்பதை வைத்தே எந்த வீட்டில் என்ன நெருக்கடி என்று சொல்லிவிடுவார். ஆறாயிரம் தள்ளினால் ஆஸ்பத்திரி. ஐயாயிரம் தள்ளினால் பள்ளிக்கூட ஃபீஸ். ஆயிரத்துக்குக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், அவளுக்குப் பணம் தேவையில்லை, மற்றவர்களை உசுப்பேற்றி டிவிடெண்டைக் கூட்டப் பார்க்கிறாள்.

இந்தச் சீட்டு அப்பாவுக்குத் தெரியும். தெரியாதது, பின் சந்து மராத்திக்கார அக்கா நடத்திய பிஷி. அதுவும் சீட்டுதான், ஆனால் ஏலமில்லை, டப்பாவில் பெயரைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அம்மா மராத்தி கற்றுக்கொண்டதே இதற்காகத்தான் என்பது என் கருத்து. மளிகைக் கடை மராத்தி அப்பாவுக்கும் வரும். இரண்டு பெண்கள் மோரிப் பக்கம் நின்று வேகமாகப் பேசுகிற மராத்தி வராது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க, அவர் காதருகிலேயே குலுக்கல் தேதி முடிவாகும்.

ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904இல் குடும்பத் தலைவிகளுக்காக ‘ககெய்போ’ என்ற வரவு செலவு நோட்டை வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் எழுதி வைத்தால் யாராவது படிப்பார்களே! அம்மாவின் கணக்கில் பேனாவுக்கு வேலையே கிடையாது.

பிஷியில் வந்ததும், காய்கறிக் காசில் பிடித்ததும் சேர்ந்து சிறுவாடு. எங்கே வைத்தாள்? ஆறு பேர் இருக்கிற அறையில் ஒரு ஆள் கையை நீட்டினால் ஐந்து பேர் பார்ப்பார்கள். அரிசி டப்பா, முருகன் காலண்டருக்குப் பின்னால், பட்டுப்புடவை மடிப்பு எல்லாம் சினிமாவில் வருகிற இடங்கள். அங்கேதான் எல்லாரும் தேடுவார்கள். அம்மா வைத்திருந்தது அப்பாவின் பழைய பில் கட்டுக்குள். பத்து வருஷத்துக் கரண்ட் பில்களை அப்பா கயிறு போட்டுக் கட்டி மாலாவில் வைத்திருந்தார். எறியவும் மாட்டார், பிரித்துப் பார்க்கவும் மாட்டார். அதைவிடப் பாதுகாப்பான பெட்டகம் எந்த பாங்கிலும் இல்லை.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் டிவியில் அறிவித்தார். எப்போதும் இரைச்சலாக இருக்கிற சந்து கப்சிப் ஆனது. ஆண்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், பெண்கள்தான் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் எங்கேயோ ஒரு மூலையை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாங்கு அடைப்பு. அதற்கு அடுத்த நாள் காலையில், தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தாள். உள்ளே எல்லாம் ஐந்நூறு. “ஒன் அக்கவுண்ட்டுல போடு. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.” மத்தியானம் ஆச்சி சுருக்குப்பையைத் திறந்து மூன்று ஆயிரம் ரூபாய் நோட்டை எடுத்தாள், வெற்றிலை வாசனையோடு. “ஏல, இது ஒங்க தாத்தாவுக்கே தெரியாது.” தாத்தா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் ஆச்சி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். சாயங்காலம் அப்பா என்னைச் சயான் வரைக்கும் நடக்கக் கூப்பிட்டார். பாதி வழியில் சட்டையின் உள்பையிலிருந்து ஒரு கவர். நடந்து மிச்சம் பிடித்த காசு. “அம்மாகிட்டச் சொல்லாத. ஊருல நெலம் பாக்கணும்பா.”

இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை போட்டால் கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசாங்கம் சலுகை அறிவித்தது. எங்கள் சந்துப் பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். நோட்டு மாற்றி வந்தவர்கள் விரலில் மை இருந்தது. ஓட்டுப் போட்ட விரல் மாதிரி அதை உயர்த்திக் காட்ட ஒருத்தியும் முன்வரவில்லை. என் நிலைமைதான் மோசம். மூன்று பேருடைய ரகசியமும் ஒரே பாஸ்புக்கில். அதை வீட்டில் எங்கே வைப்பது? கடைசியில் நானும் பில் கட்டுக்குள்ளேதான் வைத்தேன்.

இப்போது தாராவி புனரமைப்பில் தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். அப்பாவின் கேள்வி, லிஃப்ட்டுக்கு ஆகிற கரண்ட் யார் கணக்கில் என்பது. அம்மாவுக்கோ கவலை. சுவரெல்லாம் சிமெண்ட், தரையெல்லாம் டைல்ஸ், இடுக்கு எங்கே இருக்கும்?

அதைவிடப் பெரிய தொல்லை போன். காய்கறிக்காரர் வரைக்கும் ஸ்கேன் வந்துவிட்டது. பாங்குக் கணக்கு அப்பா பேரில், மெசேஜ் அப்பா போனுக்கு. சிறுவாட்டுக்கு முடிவு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அம்மா ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டாள். மீன் விற்கிற கோலி சமூகத்து அம்மாவிடம் 200 ரூபாய்க்கு மீன் வாங்கி 250க்கு ஸ்கேன் செய்கிறாள். ஐம்பதை ரொக்கமாகத் திரும்ப வாங்கி மாலாவுக்கு அனுப்புகிறாள். மெசேஜைப் பார்த்துவிட்டு அப்பா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், மும்பையில் மீன் விலை கண்டபடி ஏறிவிட்டது என்று. புதன்கிழமை மீனை நிறுத்திவிட்டால் மாசம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது அவருடைய புதிய திட்டம். அம்மா அதைக் கடுமையாக எதிர்க்கிறாள். பிள்ளைகளுக்குச் சத்து வேண்டாமா என்கிறாள். கடைக்குட்டிக்கு வயது முப்பத்தாறு.