நிலாவும் நீள லென்ஸும்

கே: மொட்டைமாடியில் நட்சத்திரப் படம் எடுக்க எவ்வளவு நீள லென்ஸ் வாங்கலாம்? (வாசகர், பொத்தேரி)

ப: லென்ஸ் நீள நீள வானம் கிட்டே வரும், வம்பும் கூடவே வரும். ஃபோகல் லெங்த்தை 110-ஆல் வகுத்தால், சென்சாரில் விழும் நிலாவின் அளவு. 50 மி.மீ. லென்ஸில் அது அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சின்னது. 600-இல் ஐந்தரை, பள்ளங்களை எண்ணலாம்.

நட்சத்திரம்தான் சண்டிக்குதிரை. பூமி சுழல்கிறதே! முழு ஃபிரேம் கேமராவில், 500-ஐ ஃபோகல் லெங்த்தால் வகுத்து வரும் நொடிகளுக்குள் ஷட்டரை மூடிவிட வேண்டும். 50-க்கு 10 நொடி. 600-க்கு ஒரு நொடிகூட இல்லை. மீறினால் புள்ளி கோடாகிவிடும். வானத்தோடு திரும்பும் டிராக்கர் இருந்தால் தப்பிக்கலாம்.

ஜி.எஸ்.டி. சாலை வெளிச்சத்தில் பால்வீதி எந்த லென்ஸுக்கும் சிக்காது. அதற்கு, 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் காவலூர்ப் பக்கம், ஜவ்வாதுமலைக்குப் போக வேண்டும்.

மாடியிலிருந்து நிலாதான். 300 மி.மீ. போதும்.