வாடகைப் படகில் முதல் தூண்டில்

கே: நண்பர்கள் நான்கு பேர் கோவளத்தில் ஃபைபர் படகு வாடகைக்கு எடுத்து மீன்பிடிக்கப் போகிறோம். நால்வருக்கும் கடல் புதிது. எந்த மாதம் போகலாம்? (வேலூர்)

ப: ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சோழமண்டலக் கரையில் கடல் அடங்கியிருக்கும் காலம் அதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதியே குறிக்காதீர்கள். வெயில் காலத்தில் போவதானால் விடியுமுன் கிளம்பி மதியத்துக்குள் கரை சேருங்கள். அதிகாலையில் தரைக்காற்று, நீர் தட்டையாகக் கிடக்கும். வெயில் ஏறினால் கடற்காற்று எழும்பும், பிற்பகலில் சின்னப் படகைத் தூக்கித் தூக்கிப் போடும். முதல் முறைக்கு நாலைந்து மணி நேரம் தாராளம். முழு நாளாக எடுத்தால் மலிவு என்பார்கள். குமட்டல் வந்த ஆளிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்!

கே: முன்பணம் கொடுக்குமுன் என்னென்ன விசாரிக்க வேண்டும்? (ஈரோடு)

ப: முதலில் லைஃப் ஜாக்கெட். தலைக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று. குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டால், தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே நழுவும். அடுத்தது அனுமதி. மீன்பிடிப் படகு என்ற பதிவு வேறு, ஆட்களை ஏற்றிச் செல்லும் அனுமதி வேறு. இரண்டாவது இருக்கிறதா, காப்பீடு உண்டா என்று நேராகவே கேளுங்கள். ஜி.பி.எஸ்., வயர்லெஸ், இன்ஜின் நின்றுபோனால் மாற்று ஏற்பாடு, இவற்றையும் கேட்கலாம். நல்ல படகுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், காட்டுவார்.

பிறகு காசு. வாடகையில் எரிபொருள், ஐஸ், இரை, ராடு, ரீல் எல்லாம் அடக்கமா? இரை பாறையில் சிக்கி அறுந்தால் யார் கணக்கு? பிடிபட்ட மீன் யாருக்கு? சில இடங்களில் மீன் முழுவதும் உங்களுக்கு, சில இடங்களில் பங்கு. கரையிலேயே பேசிவிட்டால் கடலில் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கடல் சரியில்லாமல் பயணம் நின்றால் பணம் திரும்புமா, வேறு தேதி கிடைக்குமா? 'திரும்பாது' என்ற பேரத்துக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. போகக் கூடாத நாளிலும் போய்விடலாமா என்ற ஆசையை உங்களுக்குக் கிளப்புவது அந்தப் பணம்தான். படகுக்காரருக்கும்தான்.

கே: வானம் பளிச்சென்று இருக்கிறது, காற்று கூட இல்லை. ஆனால் படகுக்கார அண்ணன் 'இன்னைக்கு வேணாம்' என்கிறார். காசு கொடுப்பது நாங்கள்தானே? (மதுரை)

ப: நீங்கள் வாடகைக்கு எடுத்தது படகையும் அவருடைய உழைப்பையும். முடிவை அல்ல. 'வேணாம்' என்றால் வேண்டாம்.

அவர் வானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, நீரைப் பார்த்துச் சொல்கிறார். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்துவந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுவது உண்டு. கேரளக் கரையில் கள்ளக்கடல் என்பது இதைத்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. முதல் நாள் மாலையே நீங்களும் பார்த்துவிடலாம்.

துறைமுகம் இல்லாமல் மணலிலிருந்து படகு இறக்கும் ஊர்களில் ஆபத்து அதிகமுள்ள இடம் நடுக்கடல் அல்ல. கரையோரம் அலை உடையும் அந்தக் குறுகிய பட்டை. அங்கே டிரைவரைக் கவனியுங்கள். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பின்பக்கம் நின்றபடி, வரும் அலைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரோடும் பேச மாட்டார். பெரிய அலைகள் வரிசையாக வந்து உடைந்த பிறகு சின்ன இடைவெளி ஒன்று வரும். அப்போது முழு வேகம் கொடுத்து, படகின் மூக்கு அலைக்கு நேராக நிற்கும்படி ஏற்றித் தாண்டுவார். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலும் படகு கவிழும். அந்த இடைவெளியே வராத நாள்தான் அவர் 'வேணாம்' என்று சொல்லும் நாள். அந்தச் சில நிமிடங்கள் செல்ஃபி எடுக்காமல், எழுந்து நிற்காமல், பக்கவாட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

கே: பேருந்திலேயே எனக்கு வாந்தி வரும். கடலில் என்ன செய்வது? (சேலம்)

ப: 'ஆட்டம்' என்று உள்காது சொல்கிறது, 'எல்லாம் அசையாமல் இருக்கிறது' என்று காலடியில் கிடக்கும் பலகையைப் பார்த்துக் கண் சொல்கிறது. இந்த முரண்தான் குமட்டல். ஆகவே கண்ணை அடிவானத்தில் வையுங்கள், செல்போனில் அல்ல. படகின் முன்முனையில் ஆட்டம் அதிகம். நடுவிலோ சற்றுப் பின்னாலோ உட்காருங்கள், ஆனால் இன்ஜின் புகை முகத்தில் அடிக்காத பக்கமாக. முதல் நாள் நன்றாகத் தூங்குங்கள். காலையில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் வேண்டாம், பூரி கிழங்கும் வேண்டாம். இஞ்சி மிட்டாய் சிலருக்குக் கைகொடுக்கும்.

அவோமின் போன்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரவழைக்கும் மருந்து என்பதால் திரும்பும்போது நீங்கள் கார் ஓட்டாதீர்கள். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அப்படியும் வாந்தி வந்தால் வெட்கப்படாதீர்கள். காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் குனிந்து, ஒருவர் உங்கள் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள, எடுத்துவிட்டு வாய் கொப்பளித்துத் தண்ணீர் குடியுங்கள்.

கே: பீர் கொண்டு போகலாமா? (பெயர் வேண்டாம்)

ப: கூடாது. வெயில், ஆட்டம், கூரான முள், ஆழ்ந்த நீர் ஆகிய நான்கும் ஏற்கெனவே படகில் இருக்கின்றன. ஐந்தாவது எதற்கு?

கே: மீன்பிடிப் படகில் வாழைப்பழம் ஆகாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? (திண்டுக்கல்)

ப: மேல்நாட்டு வாடகைப் படகுக்காரர்களின் பழைய நம்பிக்கை அது. நம் கரையில் படகுப் பூசைக்கே தேங்காயோடு வாழைப்பழம்தான் வைக்கிறார்கள். தாராளமாகக் கொண்டுபோங்கள், கலங்கிய வயிற்றுக்கு நல்லது. தோலை மட்டும் காலடியில் போடாதீர்கள்.

கே: நீச்சல் தெரியாதவர் போகலாமா? (கரூர்)

ப: போகலாம், ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருப்பதாக இருந்தால். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே பதில்தான். ஓடும் படகிலிருந்து உடுப்போடு விழுந்தவரைக் காப்பாற்றுவது ஏரியில் பழகிய நீச்சல் அல்ல. இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட் யாரையும் மிதக்க வைக்காது. கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டு எண்களையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், கேட்பார்கள்.

கே: நானும் கல்லூரியில் படிக்கும் மகளும் போக ஆசைப்படுகிறோம். கழிப்பறை வசதியை எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கிறது. (தஞ்சாவூர்)

ப: கூசாமல் கேளுங்கள் அம்மா. ஃபைபர் படகில் கழிப்பறை இருக்காது. கேபின் வைத்த பெரிய படகுகளில் இருக்கும், வாடகையும் கூடும். 'சமாளிச்சுக்கலாம்' என்ற பதிலை ஏற்காதீர்கள். கழிப்பறை இல்லாத படகு என்றால் மூன்று மணி நேரப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் போவது மட்டும் வேண்டாம். கடல் வெயிலில் உடல் வற்றினால் தலைவலியும் குமட்டலும் இரட்டிப்பாகும். பெண்களை அழைத்துப் போகிறேன் என்று விளம்பரம் செய்கிறவர்கள் முதலில் இந்த வசதியைச் செய்யட்டும்.

கே: ராடு, ரீல் பிடித்ததே இல்லை. படகில் என்னதான் செய்யச் சொல்வார்கள்? (நாமக்கல்)

ப: பெரும்பாலும் இரண்டு வேலை. ஒன்று ட்ரோலிங். படகு மெதுவாக ஓட, பின்னால் செயற்கை இரை நீந்திக்கொண்டே வரும். வஞ்சிரம், சீலா, சூரை போன்ற விரட்டி வேட்டையாடும் மீன்கள் அதைத் துரத்தி அடிக்கும். அடித்ததும் ரீல் அலறும். புதியவர்கள் எல்லாரும் செய்வது, பதறிப்போய் ரீலை இறுக்குவது. இறுக்காதீர்கள். தூண்டில் நரம்பு அறுவதற்கு முன்பே விட்டுக்கொடுக்கும்படி ரீலில் டிராக் என்று ஒரு பிடிமானத்தை டிரைவர் ஏற்கெனவே அளந்து வைத்திருப்பார். மீன் ஓடும்போது ஓடவிடுங்கள். நின்றதும் ராடை மெல்ல உயர்த்துங்கள், தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள். நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, விரலை அறுத்துவிடும்.

இன்னொன்று பார் மேல் தூண்டில். கடலடியில் பாறை உள்ள இடத்தைப் பார் என்பார்கள். சங்கராவும் கலவாவும் அங்கேதான். மீன் பெருகுவதற்காகக் கான்கிரீட்டில் செய்து இறக்கிய செயற்கைப் பார்களும் நம் கரையில் பல இடங்களில் உண்டு. எனக்குப் பிடித்தது பார் மேல் தூண்டில்தான். கணவாய்த் துண்டு கோத்த முள்ளும் ஈயக் குண்டும் இறங்கிக்கொண்டே போகும். குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு சட்டென்று தொய்யும். இரண்டு முழம் மேலே தூக்கி, ஆள்காட்டி விரலை நரம்பின் மேல் லேசாக வைத்துக் காத்திருக்க வேண்டும். முதலில் சின்னச் சின்னக் கொத்தல், விரலில் மட்டும் தெரியும். அது இரையை ருசிபார்க்கும் பொடி மீன். பிறகு ஓர் இழுப்பு வரும், ராடு வளையும். கலவா என்றால் அடுத்த நொடியே பாறை இடுக்குக்குள் ஓடப் பார்க்கும், நுழைந்துவிட்டால் எடுக்க முடியாது. இங்கே மட்டும் தயங்காமல் தூக்க வேண்டும்.

எங்கே நங்கூரம் போடுவது என்பது கருவி மட்டும் சொல்லும் சேதி அல்ல. நீரோட்டம் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று பார்த்து, படகு எங்கே போய் நிற்கும் என்று கணித்துப் போடுகிறார்கள். அதைக் கேளுங்கள், ஆர்வமாகக் கேட்டால் ஆர்வமாகச் சொல்வார்கள். ஒரு பகல் முழுக்கப் படித்தாலும் கிடைக்காத படிப்பு.

கே: தடைக்காலத்தில் படகு கிடைக்குமா? (காஞ்சிபுரம்)

ப: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. 2017க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான காலம். சின்ன நாட்டுப் படகுகள் இந்தத் தடைக்குள் வருவதில்லை என்பதால் யாராவது அழைக்கக்கூடும். ஆனால் பிழைப்பே கடலான ஆயிரக்கணக்கானவர்கள் படகைக் கரையேற்றிவிட்டுக் காத்திருக்கும்போது பொழுதுபோக்குக்காக நாம் தூண்டில் போடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஜனவரியில் போங்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் திட்டமிடுகிறவர்களுக்கு ஒன்று: கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத நாள். வற்புறுத்தாதீர்கள்.

கே: மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் மீன் அதிகமாமே, அங்கே போகச் சொல்லலாமா? (பரமக்குடி)

ப: கூடாது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே மீன் அதிகம் என்றால் காரணமே, பவளப்பாறையும் கடற்புல்லும் காக்கப்படுவதுதான். எங்கே போனாலும் கடலாமையோ திமிங்கலச் சுறாவோ தூண்டிலில் பட்டால் படகில் ஏற்றாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். வழியில் தலை தெரிந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கே: நாங்கள் மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கோலா ரொம்பினுக்கு மயில் மீன் பிடிக்கப் போகிறோம். பிடித்த மீனைத் திருப்பி விடச் சொல்கிறார்களாம். பிறகு எதற்குப் போவது? (கிள்ளான்)

ப: அதன் ஓட்டத்தைப் பார்ப்பதற்குத்தான்! நீரைக் கிழித்து, முதுகுப் பாய் விரிய, உடல் முழுதும் வெளியே வந்து அது குதிப்பதை ஒருமுறை பார்த்தவர் கறியைப் பற்றிக் கேட்க மாட்டார். செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் அந்தக் கடலுக்குச் சின்ன மீன் கூட்டங்களைத் தேடி அவை வருகின்றன. உயிரோடு விட்டால்தான் அடுத்த ஆண்டும் வரும், படகுக்காரர்களின் பிழைப்பும் நிலைக்கும்.

வட்ட முள் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் வாயோரத்தில்தான் கொளுவும், குடலுக்குள் போவது அரிது. அந்த முள்ளுக்கு ராடை வெட்டி இழுக்கக் கூடாது, மெல்ல இறுக்கினால் போதும். படத்துக்காக மீனைத் தூக்கி மடியில் வைக்காதீர்கள். அலகைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, படகை மெதுவாக முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். செவுளில் நீர் ஓடி, அது வாலை அடிக்கத் தொடங்கியதும் விடுங்கள்.

கே: கெளுத்தி முள் குத்தினால் கடுகடுக்குமாமே, உடனே என்ன செய்யலாம்? (கடலூர்)

ப: கெளுத்தி, திருக்கை இரண்டின் முள்ளிலும் விஷம் உண்டு. சுடுநீரில் வையுங்கள். கை பொறுக்கும் சூடு, அதாவது 45 டிகிரி செல்சியஸ் அளவு. அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி அடங்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், மரத்த கைக்குத் தெரியாது. பிறகு மருத்துவமனை, முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், தடுப்பூசியும் வேண்டும். மார்பு, வயிறு, கழுத்தில் ஏறிய திருக்கை முள்ளை நீங்கள் பிடுங்காதீர்கள், அப்படியே கொண்டு ஓடுங்கள். உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் வந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகவே வேண்டாம். அதன் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

கே: பிடித்த வஞ்சிரத்தைக் கெடாமல் வீடு சேர்ப்பது எப்படி? (திருவள்ளூர்)

ப: பிடித்த உடனே செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, ஐஸில் கடல்நீர் கலந்த பெட்டிக்குள் முழுக்க அமிழ்த்துங்கள். வெறும் ஐஸ்கட்டி மேல் வைப்பதைவிட இது விரைவில் குளிர்விக்கும். படம் எடுக்க வெயிலில் கிடத்தாதீர்கள். சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி வகை மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, தலை இடிக்கும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது.

கே: ஒரு மீனும் மாட்டாமல் திரும்பினால் வாடகையைக் குறைக்கச் சொல்லலாமா? (கோயம்புத்தூர்)

ப: கூடாது. படகுக்காரர் எரித்த எண்ணெயும் விழித்த விடியலும் குறையவில்லை. பேசியதைக் கொடுத்து, படகில் கூட வேலை செய்த தம்பிக்குத் தனியாகக் கையில் கொடுங்கள். முள்ளில் இரை கோத்தது முழுக்க அவர்தான்.

கே: கரைக்கு வந்த பிறகும் தரை ஆடுகிறதே, குளிக்கும்போது சுவர் சாய்கிறது! (விழுப்புரம்)

ப: ஆட்டத்துக்குப் பழகிய உடல் மறுபடி தரைக்குப் பழகுகிறது. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை மாடிப்படியில் கைப்பிடியை விடாதீர்கள், பைக் எடுக்காதீர்கள்.